13 ஸ்டெப்... 122 வெற்றி!

'படிப்ஸுக்கு லேப், மத்தவனுக்கு கிரவுண்டு'னு காலேஜ்ல எழுதப்படாத ஒரு சட்டம் இருக்கில்லையா? அதை உடைச்சுப்போட்ட ஒரு ஹீரோவைப் பார்ப்போமா?

பேர், எட்வின் மோசஸ். அமெரிக்காவின் அட்லாண்டாவில் மோர்ஹவுஸ் கல்லூரி மாணவர். படித்தது இயற்பியலும் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங்கும். நம்ம ஆளுதாங்க! ஸ்காலர்ஷிப் கிடைத்ததுகூட ஓட்டத்துக்கு இல்லை, மார்க்குக்கு. செம காமெடி என்னன்னா, அந்தக் காலேஜில் ஓட டிராக்கே கிடையாது. ஊரில் உள்ள ஸ்கூல் மைதானங்களில்தான் பிராக்டீஸ்!

அவர் கையில் எடுத்தது 400 மீட்டர் தடை ஓட்டம். மொத்தம் பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் 91.4 செ.மீ. உயரம். இரண்டு தடைகளுக்கு நடுவில் 35 மீட்டர். மற்ற வீரர்கள் களைப்பு ஏற ஏற, இந்த தூரத்துக்கு 14, 15 ஸ்டெப் எடுப்பார்கள். மோசஸ் முதலிலிருந்து கடைசி வரை 13 தான்!

அதில் என்ன விசேஷம்? 13 ஒற்றைப்படை. அதனால் எல்லாத் தடையிலும் ஒரே கால்தான் முன்னால் போகும். 14 ஆனால் கால் மாறும். 15 ஆனால் ஸ்டெப் சின்னதாகி வேகம் போச்சு!

பேப்பரில் ஈஸி பாஸ். ஆனால், எட்டாவது தடைக்கு வரும்போது தொடை கல்லாகியிருக்கும், மூச்சு முட்டும். அப்போதும் ஸ்டெப்பின் நீளம் குறையவே கூடாது. அதற்குத் தம் வேண்டும், இடுப்பு வளைந்து கொடுக்க வேண்டும். கூடவே, அந்த ரிதம் காலுக்கு மனப்பாடம் ஆகிற அளவுக்கு பிராக்டீஸ் வேண்டும். மனசுக்கான தயாரிப்பும் இதுக்குள்ளேதான் இருக்கு. எத்தனை ஸ்டெப் என்பது முன்பே முடிவான விஷயம். 'இப்ப என்ன பண்றது?'னு ஓடும்போது யோசிக்க வேண்டியதே இல்லை!

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக். மோசஸுக்கு அதுதான் முதல் சர்வதேசப் போட்டி. வயசு 20. 47.63 விநாடியில் தங்கம், கூடவே உலக சாதனை! 1977 ஆகஸ்ட்டில் ஜெர்மனியின் ஹரால்ட் ஷ்மிட்டிடம் தோற்றார். அதற்குப் பிறகு 122 ஓட்டங்களில் வரிசையாக வெற்றி. நடுவில் 1984-ல் இன்னொரு ஒலிம்பிக் தங்கம். 1987 ஜூனில்தான் டேனி ஹாரிஸ் அந்தத் தொடரை முடித்து வைத்தார்.

'அவ்ளோதான், ஆள் காலி'னு நினைக்கிறீங்களா? மூணே மாசம். ரோம் உலக சாம்பியன்ஷிப் ஃபைனல். மோசஸுக்கு வயது 32. அதே ஷ்மிட், அதே ஹாரிஸ், ரெண்டு பேருமே களத்தில்! அவர்கள் இருவருக்கும் 47.48 விநாடி. மோசஸுக்கு 47.46. தங்கம்!

அந்த 0.02 விநாடி அன்றைக்கு ரோமில் கிடைத்தது இல்லை மக்களே... கூட்டமே இல்லாத மைதானங்களில் எண்ணி எண்ணிச் சேர்த்தது. உங்க 35 மீட்டருக்கு எத்தனை ஸ்டெப்னு முடிவு பண்ணிட்டீங்களா?