நின்றபடியே தூங்கும் குதிரைக்கு எதற்கு மெத்தை?

"குதிரை நின்னுட்டேதானுங்க தூங்கும், அதுக்கு எதுக்குங்க மெத்தை?" அவிநாசிப் பக்கம் லாயத் தரையைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்விதான் முதலில் வரும். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. கால் மூட்டுகளை அப்படியே பூட்டிக்கொள்ளும் வசதி குதிரையின் உடலமைப்பிலேயே உண்டு. அதனால் அது நின்றபடியே கண்ணயரும்.

ஆனால், ஆழ்ந்து தூங்க வேண்டுமென்றால் குதிரை படுத்தே ஆக வேண்டும். தினமும் அரை மணி நேரமாவது அப்படிப்பட்ட தூக்கம் அதற்குத் தேவை. தரை பிடிக்காமல் நாள்கணக்கில் படுக்காத குதிரை, ஒரு கட்டத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே தூக்கம் மீறி, முன்னங்கால் மடிந்து சரியும். காலின் முன்பக்கம் ஆறாத சிராய்ப்பு இருந்தால், அடிபட்ட காயம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

கொங்கு நாட்டில் குதிரை வாங்க ஆசைப்படுகிறவர்கள் ஆடி மாதத்துக்குக் காத்திருப்பார்கள். ஈரோடு மாவட்டம் அந்தியூர் அருகே புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவார் இனக் குதிரைகள் வந்து நிற்கும். சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள், காது நுனி உள்பக்கம் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் அது எந்தத் தரையில் படுக்கப்போகிறது என்பதைத்தான் யோசிப்பதில்லை. இருக்கிற மாட்டுக் கட்டுத்தறியில் ஓர் ஓரம் ஒதுக்கி, சிமென்ட் தரையில் கட்டிவிடுகிறார்கள்.

450 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 14 கிலோ லத்தி போடும். 9 லிட்டர் வரை மூத்திரம் பெய்யும். அது உறிஞ்சப்படாமல் தேங்கினால் கிளம்புவது அம்மோனியா. கண்ணை எரிக்கும், மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். ஈரத்திலேயே நிற்கும் குளம்பின் அடியில், முக்கோண வடிவத்தில் இருக்கும் மென்பகுதி கறுத்து, நாற்றமெடுத்து அழுகும். குளம்பு போனால் குதிரையே போன மாதிரிதான்.

சரி, என்ன பரப்புவது? அவிநாசியை அடுத்த சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை ஏலம் நடக்கிறது. சுற்று வட்டாரத்தில் கடலை ஓட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால், குதிரை அதைத் தின்னும். நிறையத் தின்றால் குடல் அடைத்து வயிற்றுவலி வரும். பூஞ்சை பிடித்த ஓடு என்றால் விஷம். மரத்தூள் நன்றாக உறிஞ்சும், ஆனால் காற்றில் பறந்து மூக்கில் ஏறும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு ஈரம் பிடிக்கும். வெளிநாடுகளில் குதிரைப் படுக்கையாகவும் அதை விற்கிறார்கள். காய்ந்தால் அதுவும் தூசிதான்.

விறகு மெத்தையான கதை

இந்த இடத்தில்தான் மர பெல்லட் வருகிறது. 1970-களில் எண்ணெய் விலை எகிறியபோது, அமெரிக்காவில் விறகுக்கு மாற்றாகப் பரவிய பொருள் இது. உலர்ந்த மரத்தூளை அதிக அழுத்தத்தில் சல்லடைத் துளைகள் வழியே தள்ளுவார்கள். அந்தச் சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகிப் பசையாகி, தூளைச் சிறு குச்சிகளாக ஒட்டிவிடும். குச்சியின் தடிமன் 6 முதல் 8 மில்லிமீட்டர். பார்க்க மாட்டுத்தீவனம் போலவே இருக்கும். ஆபத்தும் அதுதான்! காய்ந்த பெல்லட்டைத் தீவனம் என்று நினைத்துக் குதிரை விழுங்கினால் உள்ளே போய் ஊதிக்கொள்ளும்.

அதனால் தண்ணீர் தெளித்த பிறகே குதிரையை உள்ளே விட வேண்டும். 12 அடிக்கு 12 அடி லாயத்துக்கு 18 கிலோ மூட்டைகள் ஆறு முதல் எட்டு வரை பிடிக்கும். மூட்டைக்கு 4 முதல் 8 லிட்டர் தண்ணீரைப் பூவாளியால் தெளித்தால், சிறிது நேரத்தில் குச்சிகள் உடைந்து, இரண்டு மூன்று மடங்கு உப்பி, பஞ்சு போன்ற தூளாகிவிடும். சேறாகும் அளவுக்கு ஊற்றிவிடக் கூடாது. தூள் லேசான ஈரத்தோடு இருப்பதால் பறப்பதில்லை. கோவை, திருப்பூர் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும். கோடையில் அவ்வப்போது மறுபடி தெளிக்க வேண்டியிருக்கும். அடியில் ரப்பர் பாய் இருந்தால் மூட்டுகளுக்கு இன்னும் நல்லது.

முதல் செலவு அதிகம்தான். ஆனால், மூத்திரம் பட்ட இடம் மட்டும் கட்டியாகிவிடுவதால், அதை அள்ளினால் போதும். மற்றது அப்படியே இருக்கும். லத்தியைச் சல்லடை முள்கரண்டியால் எடுத்தால் தூள் கீழே உதிர்ந்துவிடும். வாரத்துக்கு ஒன்றிரண்டு மூட்டை சேர்த்தால் சரியாகிவிடும். வைக்கோல் படுக்கையோடு ஒப்பிட்டால் குப்பைமேடு பாதிகூட வராது.

எந்த பெல்லட்?

பாய்லருக்கு என்று விற்கும் பெல்லட்டை அப்படியே வாங்கி வந்து கொட்டிவிடக் கூடாது. எரிப்பதற்கென்று செய்வதில் கடலை ஓடு கலந்திருக்கலாம், ஒட்டுப்பலகைத் தூள் இருக்கலாம், பெயின்ட் அடித்த பழைய மரமும் இருக்கலாம். எரிந்து போகிற பொருளில் என்ன இருக்கிறது என்று பாய்லர் கேட்காது. குதிரையின் நுரையீரல் கேட்கும். பசை, ரசாயனம் எதுவும் சேராத, சுத்தமான பைன் போன்ற மென்மரத் தூளில் செய்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். கருப்பு வால்நட் மரத்தூள் கொஞ்சம் கலந்திருந்தாலும் குதிரைக்குக் குளம்பு அழற்சி வந்து நொண்ட ஆரம்பித்துவிடும். அந்த மரம் நம் ஊரில் வளர்வதில்லை என்றாலும், இறக்குமதி மரம் அறுக்கும் பட்டறையிலிருந்து தூள் வந்தால் விசாரித்துக்கொள்வது நல்லது.

அள்ளிய கழிவை நேராகத் தென்னைக்குப் போடுவதும் தவறு. மக்காத மரத்தூள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். லத்தியோடு சேர்த்துக் குவித்து, ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது கிளறி, நன்றாக மக்கிய பிறகுதான் தோப்புக்குப் போக வேண்டும்.

லாயம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. விடியற்காலையில், கதவைத் திறந்ததும், உள்ளே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். நிற்கும்போது தெரியாத அம்மோனியா நெடி அங்கே மூக்கில் ஏறும். படுத்திருக்கும் குதிரையின் மூக்கு அந்த உயரத்தில்தான் இருந்திருக்கும்.