பந்து எந்தப் பக்கம் போனது?

மொன்றியலில் எங்கள் இல்-பிசார் தீவில் பேர்போனது கோல்ஃப்தான். 1873-இல் தொடங்கிய ராயல் மொன்றியல் கிளப் 1959-இல் இங்கே குடிவந்தது. ஆனால் பக்கத்து வீட்டு மனுசன் பிரான்சின் பெர்ப்பின்யானில் பிறந்தவர். அவருக்கு விளையாட்டு என்றால் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் மட்டுமே. அவருடைய கற்றலான்ஸ் டிராகன்ஸ் 2018-இல் வெம்ப்ளியில் வாரிங்டனை 20–14 என்று வென்ற கதை கேட்காமல் அந்த வீட்டில் கோப்பி குடிக்க முடியாது. நான் கண்டியில் பதினைந்து பேர் ஆடும் றகர் பார்த்து வளர்ந்தவன். ரீவிக்கு முன்னால் நாங்கள் முட்டிக்கொள்வது எப்போதும் நொக்-ஒன்னில்தான்.

பந்து கையிலோ புயத்திலோ பட்டு எதிரணியின் கோட்டுப் பக்கம் போனால் நொக்-ஒன். கை நழுவியது குற்றமில்லை. பின்பக்கம் நழுவினால் ஆட்டம் தொடரும். முன்னால் போனாலும், நிலத்திலோ எதிராளியிலோ கோல் கம்பத்திலோ படுமுன் அவரே எட்டிப் பிடித்துவிட்டால் தப்பில்லை. வேண்டுமென்றே தட்டினால் பெனால்டி. எதிராளி உதைக்கும் பந்தை மறிக்கப் போய், கையில் பட்டுத் தெறித்தால் அது நொக்-ஒன் ஆகாது.

லீக்கில் இதன் விலை அதிகம். பந்தோடு ஓடுபவனைப் பிடித்து நிறுத்துவது டக்கிள்; ஒரு அணிக்குத் தொடர்ந்து ஆறுதான். இரண்டாவதிலேயே பந்தை விட்டவன் மிச்சம் நாலையும் இழந்து, பந்தை எதிராளிக்குத் தாரைவார்க்கிறான். அதனால்தான் டக்கிளில் பந்து விழுந்தவுடன், 'அவன்தான் பிடுங்கினான்' என்று கையை விரிப்பார்கள். ஒற்றைக்கு ஒற்றையாகப் பிடித்தவன் பறிக்கலாம். இரண்டு மூன்று பேர் அமுக்கிக்கொண்டு பறித்தால் பெனால்டி.

கையால் பந்தைத் தூக்கி ஓடும் இந்த வழக்கில் மொன்றியலுக்கும் பங்குண்டு. 1874 மே மாதம் மக்கில் பல்கலைக்கழகப் பையன்கள் ஹார்வர்டுக்குப் போனார்கள். 14-ஆம் திகதி ஹார்வர்ட் விதியில் ஆடித் தோற்றார்கள். மறுநாள் மக்கில் கொண்டுபோன ரக்பி விதி, முட்டை வடிவப் பந்து; ஒருவரும் புள்ளி எடுக்கவில்லை. ஆனாலும் ஹார்வர்டுக்கு அந்த ஆட்டமே பிடித்துப்போனது. அமெரிக்கக் கால்பந்து அந்த வழியில் வளர்ந்ததுதான்.

பக்கத்து வீட்டாரோடு இன்னும் தீராதது முன்பாஸ், அதாவது பந்தை முன்னோக்கி எறியும் குற்றம். லீக் விதியில் பாஸின் திசையை எறிந்தவனை வைத்தே பார்க்க வேண்டும், தரையை வைத்து அல்ல. முழு வேகத்தில் ஓடுபவன் பின்பக்கமாக விட்ட பந்தும் அவன் ஓட்டத்தோடு சேர்ந்து முன்னால் போய் விழலாம். அது சரியான பாஸ். அவரோ புல்லில் கிழித்த கோட்டைக் காட்டிக் கத்துவார். கமரா சாய்வாக நிற்கிறது. டச் ஜட்ஜ் ஓரக்கோட்டில் ஓட்டக்காரனோடு கூடவே ஓடுகிறார். நான் டச் ஜட்ஜின் கட்சி.