பிரஷர் பார்த்தால் மட்டும் போதுமா?

முதல் நடை மினிபஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களில் யார் என் மேசைக்கு வருகிறவர்கள் என்று பார்த்ததுமே சொல்லிவிடுவேன். கையில் மஞ்சப்பை இருக்கும். அதற்குள் ஓரம் மடங்கிய நோட்டு, தீர்ந்துபோன மாத்திரை அட்டை, ஒரு தண்ணீர் பாட்டில்.

சிவகங்கை மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியராக இருக்கிறேன். ரத்த அழுத்தத்தைக் கிராமத்திலேயே கண்டறிந்து மருந்து கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு முன்னோட்டமாக நடத்திப் பார்த்தது சிவகங்கையிலும் விருதுநகரிலும்தான். 2012-இல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. அன்று முதல் இந்த மேசைதான் எனக்கு.

பிரஷரைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் கண்மாயைக் காட்டித்தான் பேசுவேன். தண்ணீர் அளவுக்கு மேல் நின்றால் கரை சத்தம் போடாது. மேலே நின்று பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஒருநாள் ராத்திரி உடைத்துக்கொண்டு போய்விடும். ரத்த அழுத்தமும் அப்படித்தான். தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இல்லாமலே 160, 170 என்று இருப்பவர்கள் உண்டு. "எனக்குத்தான் ஒண்ணுமே செய்யலையே, எதுக்கு மாத்திரை?" என்பார்கள். கை கால் இழுத்துக்கொண்ட பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க வாயும் வராது.

உலகில் 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் சுமார் 130 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கணக்குச் சொன்னது. ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஐந்தில் நான்கு பேருக்குப் போதிய சிகிச்சை இல்லை. இவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற நாடுகளில் இருக்கிறார்கள். மருந்து விலை உயர்ந்ததா என்றால் இல்லை. அம்லோடிபின் என்ற சின்ன மாத்திரையை எங்கள் நிலையத்தில் காசில்லாமல் தருகிறோம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு, பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தபோது எங்கள் எல்லோருக்கும் பெருமையாக இருந்தது.

வீடு வரை மாத்திரை போயும் சிலருக்கு அழுத்தம் ஏன் இறங்கவில்லை? இதற்கான பதிலை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு அக்கா. வயது ஐம்பத்து நான்கு. நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மூன்று மாதமாக அவருக்கு 180-க்குக் குறையவில்லை.

"மாத்திரை தவறாம போடுறீங்களாக்கா?"

"போடுறேன் நர்சம்மா."

மருத்துவர் இன்னொரு மாத்திரை சேர்த்தார். அப்போதும் குறையவில்லை. ஒருநாள் தன்னார்வலர் அவர் வீட்டுக்குப் போனபோது, சாமி மாடத்துப் பக்கத்தில் இருந்த டப்பாவில் மூன்று மாத அட்டைகளும் பிரிக்காமல் கிடந்தன. அடுத்த முறை வந்தபோது எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். இன்று நினைத்தாலும் எனக்கு மனசு வலிக்கிறது.

அடுத்த மாதம் கூட்டம் கலைந்த பிறகு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். "ராத்திரி தூக்கம் எப்படிக்கா இருக்கு?"

"தூங்கி நாலு மாசம் ஆச்சு நர்சம்மா. அவரு போனதிலேர்ந்து எதுவுமே பிடிக்கல. யாருக்காக மாத்திரை போடணும்?"

கணவர் இறந்தது எனக்குத் தெரியாது. நோட்டில் எண்கள் இருந்தன, அந்தச் செய்தி இல்லை. இன்னும் பேசியபோது மற்றொன்றும் தெரிந்தது. மேலெல்லாம் வலிக்கிறது என்று வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கடையில் வலி மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பு வலியாகத்தான் வெளியே வரும். "மனசு சரியில்ல" என்று சொல்லக் கூச்சம். இடுப்பு வலி, நெஞ்சுப் படபடப்பு, பசியின்மை என்று சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. டைக்ளோஃபினாக், இப்யூபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளோ அழுத்தத்தை ஏற்றிவிடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆக, கேட்கப்படாத ஒரு துக்கம் மாத்திரையையும் நிறுத்தியது, அழுத்தத்தையும் ஏற்றியது.

2015-16-இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வில், வயதுவந்தோர் நூறு பேரில் பத்துப் பேருக்குச் சற்றுக் கூடுதலாக ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. நோயைப் பொறுத்து, பாதிக்கப்பட்ட நூறு பேரில் 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் மனநல மருத்துவரை எங்கே போய்த் தேடுவது? நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அதனால் இந்த வேலையின் முதல் பகுதியை எங்களைப் போன்றவர்கள்தான் தோளில் வாங்க வேண்டும்.

அது நடக்கக்கூடியதுதான். சென்னை உட்பட நான்கு இடங்களின் நீரிழிவு மருத்துவமனைகளில், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது கட்டுக்குள் வராத, மனச்சோர்வும் உள்ள 404 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு, மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஒருவர் துணை நின்றார். மனதையும் விசாரிப்பார், சர்க்கரையையும் அழுத்தத்தையும் கவனிப்பார், பின்னாலிருந்து மருத்துவர்கள் வழிகாட்டுவார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, மனச்சோர்வு பாதியாவது குறைந்து, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது இறங்கியவர்கள் துணை கிடைத்த பிரிவில் 71.6 சதவீதம். மற்றதில் 57.4 சதவீதம். 2020-இல் இது வெளியானது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் ஆறிலிருந்து எட்டு முறை உட்கார்ந்து பேசியதே கடுமையான மனச்சோர்வைக் குறைத்ததை 2017-இல் நிரூபித்திருக்கிறார்கள்.

இப்போது என் மேசையில் நான் செய்வதைச் சொல்கிறேன். நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைக்கிறேன். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். இப்படி உட்காராமல் எடுத்தால் எண் பொய் சொல்லும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் கேட்கிறேன். கடந்த இரண்டு வாரத்தில் மனசு சோர்ந்து கிடந்ததா? வழக்கமாகப் பிடித்த காரியங்களில் நாட்டம் போய்விட்டதா? ஆம் என்றால் இன்னும் விரிவாகப் பேசுகிறேன். "வாழ்ந்து என்ன பண்ண என்று தோன்றுகிறதா?" என்றும் கேட்கிறேன். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. கேட்ட பிறகுதான் பலர் அழுகிறார்கள். அப்படிப்பட்டவரைத் தனியே அனுப்புவதில்லை. மருத்துவரிடம் நானே கூட்டிப் போகிறேன்.

அந்த அக்காவுக்கு எங்கள் மருத்துவர் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் பேசி மனச்சோர்வு மாத்திரை தொடங்கினார். "தூக்க மாத்திரையா? பைத்தியத்துக்குக் கொடுக்கிறதா?" என்று பயந்தார். இரண்டும் இல்லை, வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், அதுவரை விடக்கூடாது என்றேன். வலி ஊசி நின்றது. ஊறுகாயும் கருவாடும் குறைந்தன. தன்னார்வலர் வாரம் ஒருமுறை போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தார். ஐந்தாவது மாதம் நோட்டில் 138/86 என்று எழுதினேன். "ரெண்டு ஆட்டுக்குட்டி வாங்கிருக்கேன் நர்சம்மா" என்றார். அந்த எண்ணைவிட அந்தச் சொல் எனக்குப் பெரிதாக இருந்தது.

அரசிடம் நான் கேட்பது மூன்றுதான். நோட்டில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பக்கத்தில் மனதுக்கும் ஒரு கட்டம் வேண்டும். மனச்சோர்வுக்கான அடிப்படை மாத்திரைகள் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தீராமல் இருக்க வேண்டும். வீடு வீடாக நடக்கும் பெண்களுக்குப் பயிற்சியும், உட்கார்ந்து பேச நேரமும், உழைப்புக்கேற்ற ஊதியமும் வேண்டும்.

படிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற அம்மாவோ அப்பாவோ இருப்பார். "மாத்திரை போட்டாச்சா?" என்று தினமும் கேட்டிருப்பீர்கள். இன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, "தூக்கம் வருதாம்மா? மனசு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்துபோகாதீர்கள். உதவி வேண்டும் என்று தோன்றினால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது கட்டணமில்லாத அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் ஆள் இருப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.