கடைசி அசை வரை காத்திருங்கள்

"ரொய்ம் டி ஷ்ப்யூல்மஷீனெ..." என்று ஜெர்மன் வீட்டில் குரல் வந்தால் அவசரப்பட்டு எழக்கூடாது. முடிவில் 'ஐன்' வந்தால், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் பாத்திரங்களை அடுக்க வேண்டும். 'அவுஸ்' வந்தால், கழுவியவற்றை வெளியே எடுக்க வேண்டும். வினைச்சொல் இரண்டாகப் பிரிந்து, முன்னொட்டு வாக்கியத்தின் வாலுக்குப் போய்விடுகிறது. வினைக்காகக் கடைசிவரை காத்திருப்பது தமிழருக்குப் பழக்கம்தானே!

குப்பை கொட்டப் போகிறவர் சொல்வதும் இப்படித்தான்: "இஷ் ப்ரிங்கெ டென் ம்யூல் ரவுஸ்."

சில சொற்களுக்கு அகராதி மட்டும் போதாது. ஸ்டுட்கார்ட் அடங்கிய ஸ்வேபியா வட்டாரத்தில் 'கேர்வொஹெ' என்றால் 'பெருக்கும் வாரம்'. அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டையும் நடைபாதையையும் வீட்டார் முறைவைத்துச் சுத்தம் செய்வார்கள். யார் முறையோ, அவர்கள் வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கும்.