வெயிலை அளந்து வாழும் சாண்டா
தார் பாலைவனத்தின் முள்வால் பல்லிக்குச் சூரியன்தான் அடுப்பு, வளைதான் குளிர்சாதன அறை. இந்த ஏற்பாட்டில் இப்போது விரிசல்.

தார் பாலைவனத்தில் கோடைக் காலை. மண் கொஞ்சம் சூடேறிய பிறகுதான் தரையில் ஒரு அசைவு. வளையின் வாயை அடைத்திருந்த மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. அவசரமே இல்லை. பிறகு முன்னங்கால்கள், கடைசியில் முள் வரிசைகள் கொண்ட தடித்த வால். வெளியே வந்தது உடனே மேயக் கிளம்பவில்லை. உடலைத் தட்டையாக்கி, வெயில் முழுதாக விழும்படி படுத்துக்கொள்கிறது.

ராஜஸ்தானிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் சாண்டா என்று அழைக்கப்படும் முள்வால் பல்லி இது. ஓணான் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒன்றரை அடி வரை வளரும். அது படுத்துக் கிடப்பது சோம்பலால் அல்ல. அன்றைய பிழைப்பின் முதல் வேலையே அதுதான்.

பல்லிகளைக் 'குளிர் ரத்தப் பிராணிகள்' என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அது பாதி உண்மைதான். மனித உடல் சாப்பாட்டை எரித்துத் தன் வெப்பத்தை உள்ளேயே தயாரிக்கிறது. பல்லி அதை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. ஆனால் கிடைத்ததை அப்படியே ஏற்பதில்லை. பாலைவனப் பல்லிகள் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் சென்று உடல் வெப்பத்தை ஒரு குறுகிய எல்லைக்குள் நிறுத்திக்கொள்கின்றன என்பதை 1944-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரேமண்ட் கௌல்ஸும் சார்லஸ் போகர்ட்டும் எடுத்துக்காட்டினார்கள். நடமாடும் நேரத்தில் சில பாலைவனப் பல்லிகளின் ரத்தம் மனித ரத்தத்தைவிடச் சூடாகவே இருக்கும்.

இதற்கு அவை கையாளும் உத்திகள் பல. குளிரில் கருமை கூடும் தோல் வெயிலை அதிகம் உறிஞ்சுகிறது, சூடேறியதும் வெளிறிவிடுகிறது. தரை கொதித்தால் கால்களை ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்ளும் பல்லிகள் உண்டு. வாயைத் திறந்து மூச்சு வாங்கி வெப்பத்தை வெளியேற்றுபவையும் உண்டு. எதுவும் பலிக்காதபோது சாண்டா வளைக்குள் இறங்கி, வாயை மண்ணால் அடைத்துக்கொள்கிறது. வெளியே மண் தகித்தாலும் உள்ளே குளுமை.

இதில் பெரிய சிக்கனம் இருக்கிறது. உடலைச் சூடாக்க உணவை எரிக்க வேண்டியதில்லை என்பதால், அதே எடையுள்ள பாலூட்டி செலவிடும் சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே பல்லிக்குப் போதும். புல்லும் இலையும் அரிதான பாலைவனத்தில் இதுதான் பிழைக்கும் வழி.

சாண்டாவுக்கு வெயில் வேண்டியிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பெரும்பாலும் தாவர உணவுக்காரர். இலை தழையைச் செரிக்கக் குடலில் உள்ள நுண்ணுயிரிகள் வேலை செய்ய வேண்டும். அவற்றுக்கு வெதுவெதுப்பு தேவை. வயிறு நிறைந்திருந்தாலும் உடல் குளிர்ந்திருந்தால் பயனில்லை.

நோய்க்கும் வெயிலே மருந்து. அமெரிக்கப் பாலைவன இகுவானாக்களை 1970-களில் சோதித்த மாத்யூ க்ளூகர் குழுவினர், பாக்டீரியா தாக்கிய பல்லிகள் வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போவதைக் கண்டார்கள். அதாவது, தமக்குத் தாமே காய்ச்சலை வரவழைத்துக்கொள்கின்றன. சூடாக வைக்கப்பட்டவையே அதிகம் பிழைத்தன.

குளிர்காலத்தில் சாண்டா வளைக்குள் முடங்கி உறங்கிவிடும். அந்த மாதங்களைக் கடக்க வாலின் அடிப்பகுதியில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும். அந்தச் சேமிப்பே அதற்கு எமன். வளையைத் தோண்டிப் பிடித்து, தப்பி ஓடாதபடி முதுகெலும்பை முறித்து, கொழுப்பை உருக்கி எடுக்கிறார்கள். ஆண்மை தரும் 'சாண்டா எண்ணெய்' என்று தெருவோர வியாபாரிகள் விற்கும் இது, எந்த விலங்கின் கொழுப்பையும் போன்ற கொழுப்புதான். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாண்டாவைப் பிடிப்பது குற்றம். வியாபாரம் நின்றபாடில்லை.

நிலமும் சுருங்குகிறது. இந்திரா காந்தி கால்வாய் வந்தபின் மேற்கு ராஜஸ்தானின் வறண்ட தரிசுகள் பல வயல்களாகிவிட்டன. மனிதருக்கு அது வாழ்வு. ஈரமில்லாத கெட்டி மண்ணில் வளை தோண்டும் பிராணிக்கு அது இடமிழப்பு.

மூன்றாவது ஆபத்து வெயிலே. 2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. பாலைவனப் பல்லிக்கு வெப்பம் புதிதா என்று கேட்கலாம். மெக்ஸிகோவில் 48 பல்லி இனங்களை 200 இடங்களில் ஆராய்ந்த பாரி சினெர்வோ குழுவினர் 2010-ல் பதில் சொன்னார்கள்: 1975-க்குப் பிறகு அந்தப் பல்லிக் கூட்டங்களில் 12 சதவீதம் அழிந்துவிட்டன. காரணம், பல்லிகள் வெயிலில் வெந்து சாவது அல்ல. வெப்பம் கூடக்கூட அவை நிழலிலும் பொந்திலும் ஒதுங்கும் நேரம் கூடுகிறது. மேயும் நேரம் குறைகிறது. இனப்பெருக்கக் காலத்தில் வயிறு நிறையாத பெண் பல்லிக்கு முட்டையிடத் தெம்பு இருக்காது. இப்படியே போனால் 2080-க்குள் உலகப் பல்லி இனங்களில் ஐந்தில் ஒன்று அழியலாம் என்பது அவர்களின் மதிப்பீடு.

வெயிலுக்குப் பயந்து ஒளிவது சாண்டாவுக்குக் கைவந்த கலை. ஆனால் ஒளிந்திருக்கும் ஒவ்வொரு மணியும் மேயாத மணி. அந்தக் கணக்கைச் சரிக்கட்ட அதற்கு வேண்டியது அதிகமில்லை: மேய்ச்சலுக்கு நடுவே நிழல் தரும் புதர்கள், உழப்படாத காய்ந்த நிலம், மண்வெட்டி தேடி வராத ஒரு வளை.