விரியனுக்குப் பெயர் தந்த வைத்தியர்

வேடசந்தூர்ப் பக்கம் கடலைக்கொடி பிடுங்கப் போகிறவர்களுக்குக் கண்ணாடி விரியனை யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். முதுகில் மூன்று வரிசை வளையங்கள், தடித்த உடல், மிதிபடுமுன்னே எழும் உரத்த சீறல். முட்டை இடாது, ஒரே ஈற்றில் 20, 40 என்று குட்டிகளாகவே போடும். உலகம் இதை ‘ரஸல் விரியன்’ என்கிறது. ரஸல் என்பவர் பாம்பாட்டி அல்ல, வைத்தியர்.

பாட்ரிக் ரஸல் ஸ்காட்லாந்துக்காரர். சிரியாவின் அலெப்போவில் மருத்துவம் பார்த்தவர். 1760களின் தொடக்கத்தில் அந்நகரைப் பிளேக் சூறையாடியபோது அங்கேயே இருந்தவர். 1781இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான தம்பியோடு விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில்தான் பாம்பு பிடித்தது அவரை! தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து தாவரவியலில் மூழ்கிப்போன கோனிக் 1785இல் இறந்ததும், அவர் வகித்த இயற்கையாளர் பதவியைக் கம்பெனி ரஸலுக்குக் கொடுத்தது.

அவர் கேட்ட கேள்வி ஒரு வைத்தியரின் கேள்வி: எந்தப் பாம்பு கொல்லும்? நிறத்தை நம்ப முடியாது; ஒரே இனம் பல நிறங்களில் வரும். எனவே வயிற்றுச் செதில்களையும் வாலடிச் செதில்களையும் எண்ணிக் குறித்தார். வாயைத் திறந்து நச்சுப்பல்லைத் தேடினார். நாய்களையும் கோழிகளையும் கடிக்கவிட்டு அறிகுறிகளை எழுதினார். இன்று படிக்கச் சங்கடமான சோதனைகள்தான். பாம்புக்கடிக்கு மருந்தென்று அன்று பேர்போன தஞ்சாவூர் மாத்திரையையும் சோதிக்காமல் விட்டுவைக்கவில்லை. பாஷாணம் கலந்த மாத்திரை அது. 1796இல் வண்ணப் படங்களுடன் வெளிவந்த நூலில் இந்த விரியனைத் தெலுங்கு மக்கள் சொன்னபடியே ‘காட்டுக ரேகுல பொட’ என்று பதிந்தார். மறு ஆண்டே விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா அதற்கு ரஸலின் பெயரைச் சூட்டினார்.

நஞ்சு உடலுக்குள் என்ன செய்கிறது என்று கண்டறியும் கருவிகள் ரஸலின் காலத்தில் இல்லை. விசித்திரமே அங்குதான். காயம் பட்டால் ரத்தம் உறைவதற்கு, உறைகாரணிகள் எனப்படும் புரதங்கள் ஒன்றையொன்று தட்டியெழுப்ப வேண்டும். விரியன் நஞ்சிலுள்ள ஒரு நொதி, அதாவது வேதிவினையை முடுக்கும் புரதம், வரிசையில் காத்திருக்காமல் நேராகப் பத்தாம் காரணியை எழுப்பிவிடுகிறது. நாளங்களுக்குள் வேண்டாத இடமெல்லாம் நுண்கட்டிகள். இருந்த சிமென்ட்டையெல்லாம் தெருவில் கொட்டித் தீர்த்துவிட்ட கொத்தனாரைப் போல, வீட்டில் விரிசல் விழும்போது உடலிடம் பூசச் சரக்கில்லை. ரத்தத்தை உறையவைக்கும் நஞ்சு கடைசியில் உறையாத ரத்தத்தை மிச்சம் வைக்கிறது! ஈறு கசியும், சிறுநீரகம் செயலிழக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். இன்னும் தண்ணியாக ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது.

அதே நஞ்சு மருந்தாகவும் மாறியது. 1934இல் இங்கிலாந்தின் மெக்பார்லேன், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோயாளிகளின் காயத்தில் நீர்த்த விரியன் நஞ்சை வைத்தால் கசிவு நிற்கும் என்று காட்டினார். உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் காணப்படும் ஒருவகை எதிர்ப்பொருளைக் கண்டறிய இன்றும் ஆய்வகங்களில் இந்த நஞ்சு பயன்படுகிறது.

முறிமருந்துக்கான நஞ்சை, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள்.

கடிபட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகத் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இங்கே மருந்து ஒன்றுதான்.