திண்ணைச் செடியும் தென்னை நிழலும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்ததும் களியக்காவிளையருகே கேரள எல்லை முடிவடைகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லைக்கு இருபுறத்திலும் உள்ள விளைகள் இன்றும் ஒரே தோற்றமுடையனவாகவே இருக்கின்றன. மேலே தென்னை, அதனைப் பற்றிப் படரும் நல்லமிளகுக் கொடி, கீழே வாழையும் மரச்சீனியும், அவற்றின் அடியில் சேம்பு என்று ஒரே சூரிய ஒளியைப் பல அடுக்குகள் பங்கிட்டுக் கொள்கின்றன.

இவ்விளைகளின் நடுவேயுள்ள வீடுகளில் மணி பிளாண்ட், பிலோடென்ட்ரான், டிபென்பாக்கியா, மான்ஸ்டெரா முதலிய இலையழகுச் செடிகளைத் தொட்டிகளில் வளர்ப்பது இக்காலத்தில் பெருகியிருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய செடி சில மாதங்களில் தண்டு நீண்டு, இலை சிறுத்து, வெளிறி வாடுவதும் அவ்வளவுக்கவ்வளவு பெருகியிருக்கிறது. குறை நீரிலோ எருவிலோ இருப்பதாகக் கருதி இரண்டையும் மேலும் மேலும் இடுவோர் பலர். பெரும்பாலான வீடுகளில் உண்மையான குறை ஒளியில்தான் இருக்கிறது.

இதனை உணர்வதற்குத் தடையாக இருப்பது நம்முடைய கண்ணே. இருண்ட அறைக்குள் நுழைந்ததும் கண்ணின் பாவை விரிகிறது; விழித்திரையும் தன் உணர்வைக் கூட்டிக்கொள்கிறது. சிறிது நேரத்தில் அறை வெளிச்சமாகவே தோன்றும். ஒளிமானி அவ்வாறு ஏமாறுவதில்லை. மேகமற்ற நண்பகலில் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் காட்டும் கருவி, சன்னலின் அருகே 1,000 முதல் 2,500 லக்ஸ் வரையிலும், அறையின் நடுவே பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ் வரையிலுமே காட்டும். நமக்குச் சற்றே மங்கலாகத் தோன்றும் மூலை, வெளியைக் காட்டிலும் பல நூறு மடங்கு இருண்டதாகும்.

செடியின் வரவும் செலவும் இவ்வொளியைக் கொண்டே அமைகின்றன. பகலில் பச்சையம் ஒளியை ஏற்றுக் கரியமிலவாயுவிலிருந்து சர்க்கரையை ஆக்குகிறது. செடியின் சுவாசமோ இரவும் பகலும் அச்சர்க்கரையைச் செலவிடுகிறது. ஆக்கமும் செலவும் சமமாக நிற்கும் ஒளியளவை ஈடுநிலை என்பர். நிழலை விரும்பும் செடிகள் பலவற்றுக்கு அது சில நூறு லக்ஸ் அளவிலேயே இருக்கிறது. ஆனால் இரவுச் செலவையும் ஈடுகட்டிப் புதிய இலையும் விடவேண்டுமாயின் அதைப்போல் பல மடங்கு ஒளி தேவை. ஈடுநிலைக்குக் கீழே வைக்கப்பட்ட செடி உடனே மடிவதில்லை. தண்டிலும் வேரிலும் சேமித்ததை உண்டு சில மாதங்கள் பசுமையாகவே நிற்கும். அதனால்தான் பிழை வெளிப்படத் தாமதமாகிறது. அக்காலத்தில் செடி உறிஞ்சும் நீரும் குறைவு. வழக்கப்படி நாள்தோறும் ஊற்றப்படும் நீர் மண்ணிலேயே தங்கிக் காற்றைத் தடுக்க, வேர் அழுகுகிறது. பட்டினி கிடப்பதற்கு நீரைக் கொடுத்து மூழ்கடிப்பதற்கு இது ஒப்பாகும்.

இச்செடிகளுக்கு உகந்த ஒளி எது என்பதை விளையே காட்டுகிறது. ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்ட தென்னந்தோப்பில், எட்டு முதல் 25 ஆண்டு வயதுவரை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒளியே கீழே இறங்குகிறது என்றும், மரங்கள் உயர்ந்து 40 ஆண்டை எட்டும்போது அது ஏறத்தாழப் பாதியாகிறது என்றும் காசர்கோடு மத்திய தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் கண்டனர். அதாவது நண்பகலில் 20,000 லக்சுக்குக் குறையாத ஒளி. அதுவும் ஓலை அசையுந்தோறும் இடம் மாறும் ஒளி. பசிபிக் பெருங்கடலிலுள்ள மூரேயா தீவைத் தாயகமாகக் கொண்ட மணி பிளாண்ட், இங்கே தென்னையைப் பற்றி ஏறும்போது முறம் போன்ற இலை விடுவதையும், வீட்டினுள் புட்டியில் உள்ளங்கையளவு இலையோடு நின்றுவிடுவதையும் எவரும் ஒப்பிட்டுக் காணலாம். பற்றி ஏற மரம் கிடைப்பதும் இதற்கு ஒரு காரணமே. மான்ஸ்டெரா இனத்தில் ஒரு விந்தை உண்டு: அதன் ஒருவகை நாற்று ஒளியை நாடாமல், ஏறுதற்குரிய மரத்தின் இருண்ட அடியை நாடித் தரையில் ஊர்கிறது என்று ஸ்ட்ராங், ரே என்னும் இரு அறிஞர்கள் 1975இல் வெளியிட்டனர். இருளை நாடுவது ஒளிக்கு ஏறும் வழியாகவே அதற்கு அமைந்தது.

இனி, செடியை வீட்டின் எப்புறத்தில் வைப்பது? மேனாட்டு நூல்கள் தெற்குச் சன்னலைப் புகழ்வது அந்நாடுகளுக்குப் பொருந்தும். பாறசாலை நில நடுக்கோட்டுக்கு வடக்கே எட்டு பாகையைச் சற்றே கடந்து நிற்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகற் சூரியன் இங்கு நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருப்பதால், வெயில் வடபுறத்திலேயே விழும். இறவாரம் தரையிலிருந்து இரண்டேகால் மீட்டர் உயரத்திலிருப்பின், ஜூன் இறுதி நண்பகலில் வடக்குத் திண்ணையினுள் வெயில் 60 சென்டிமீட்டர் நுழையும். டிசம்பரில் தெற்குத் திண்ணையினுள் ஏறத்தாழ 1.4 மீட்டர் நுழையும். ஜூனில் இடவப்பாதி மேகம் வானை மூடுவதால் வடபுற வெயிலுக்கு அஞ்சவேண்டியதில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரையிலான தெளிந்த வானமே தெற்குத் தொட்டிகளின் இலைகளைக் கருக்குவது. கிழக்குத் திண்ணை ஆண்டு முழுவதும் நம்பத்தக்கது. காலை வெயில் மென்மையானது. மேற்கில் வைப்போர் ஓலைத்தட்டியொன்றைக் கட்டுதல் நலம்.

ஒளிமானி இல்லாதோர்க்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். நண்பகலில் செடியிருக்கும் இடத்தில் தாளை விரித்து, ஒரு சாண் உயரத்துக்குச் சற்று மேலாகக் கையைப் பிடிக்கவேண்டும். விரல்களின் நிழல் கூர்மையாக விழுந்தால் ஒளி மிகுதி. விளிம்பு மங்கிய நிழல் விழுந்தால் இச்செடிகளுக்கு ஏற்றது. நிழலே தோன்றாவிடின் அங்குச் செடி வாழாது, நாட்களைக் கடத்தும். கைப்பேசியிலுள்ள ஒளியளவு நிரல்கள் துல்லியமல்லவெனினும், ஈரிடங்களை ஒப்பிடப் பயன்படும்.

நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கிவரும் செடிக்குத் தனிக் கவனம் வேண்டும். 75 சதவீத நிழல்வலையின் கீழும் தெளிந்த நண்பகலில் 25,000 லக்ஸ் ஒளி உண்டு. அங்கு வளர்ந்த இலை அவ்வொளிக்கேற்பத் தடித்திருக்கும். 300 லக்ஸ் அறைக்குள் திடீரென்று வைத்தால் அவ்விலையின் செலவை வரவு எட்டாது. பைகஸ் பெஞ்சமினா இத்தகைய மாற்றத்தில் இலையெல்லாம் உதிர்ப்பது இதனாலேயே. புளோரிடாவில் கானோவர், பூல் என்போர் 1970களில் செய்த ஆராய்ச்சிகள், விற்பனைக்கு முன்னரே செடியைப் படிப்படியாக நிழலுக்குப் பழக்கினால் இவ்விழப்பு பெரிதும் குறையுமென்று காட்டின. தென்னை நிழலில் இலைச்செடி வளர்த்து விற்க முனையும் நம் விளைக்காரர்களுக்கு இது காசாகும் செய்தி. வெயிற்பட்ட தோப்பின் செடியை இளந்தோப்பின் அடர்நிழலில் சில வாரங்கள் வைத்து, எருவையும் குறைத்துப் பின் அனுப்பலாம். வாங்கியவர் அதனை முதலில் திண்ணையிலும், பிறகு சன்னலோரத்திலும், இறுதியாகவே அறையுள்ளும் வைக்கவேண்டும். அறையின் நடுவிலிருந்து வெளியே கொணரும்போதும் இதே நிதானம் தேவை. நிழலில் தோன்றிய மெல்லிய இலை ஒரே நண்பகல் வெயிலில் வெந்துபோகும்.